கரண்டியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

அப்பத்தாமார்களே, அம்மாச்சிமார்களே, ஆச்சிமார்களே,

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் பேரன் பேத்திகளை வளர்த்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். மகனும் மருமகளும் திருப்பூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பிள்ளையின் சளி, காய்ச்சல், காதுவலி எல்லாம் உங்கள் மடியில்தான் இறங்குகிறது. நடு ராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை வீரிட்டு அழும்போது தோளில் தூக்கிப் போட்டு நடப்பது நீங்கள். விடிந்ததும் பஸ் பிடித்து என்னிடம் கொண்டுவருவதும் நீங்கள். நான் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர். பெற்றோருக்கு எழுதினால் வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் வரும். உங்களுக்கு எழுதினால் காரியம் நடக்கும். அதனால்தான் உங்களுக்கு.

எனக்கு முன்னால் உட்கார்ந்ததும் உங்களில் பலர் முதலில் சொல்வது, "காதுக்குள்ள ஒண்ணும் ஊத்தல டாக்டரம்மா." சரி என்று காதுமடலைப் பின்னால் இழுத்துப் பிடித்து விளக்கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே எண்ணெய் மினுங்கும். சில காதில் கருகிய பூண்டுச் சருகு ஒன்று ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நான் நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி அட்டவணையை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. அந்தப் பயம் நியாயமானதுதான். எங்கள் ஆட்கள் திட்டத்தான் செய்கிறார்கள், அதுவும் வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும். திட்டிவிட்டு ஒரு ஆன்டிபயாடிக் புட்டியை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், பாட்டி வைத்தியம் தப்பு என்பது மட்டும் புரியும். எது சரி என்பது யாருக்கும் புரியாது. அதை உட்கார வைத்துச் சொல்ல ஓ.பி.யில் நேரம் கிடைப்பதில்லை.

முதலில் நீங்கள் சரியாகச் சொல்கிற ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாசத்துக்கு ஒரு தடவை பிள்ளைக்குக் காதுவலி வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வயிறு கெடுகிறது, பிள்ளை இளைக்கிறது, இயற்கையாக ஏதாவது வழி இல்லையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் நடுக்காது அழற்சியில், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நாளில் வலி அடங்கிவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறையே, லேசான காதுவலி என்றால் இரண்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் இல்லாமல் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறது. யார் யாருக்கு அப்படிப் பொறுக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இங்கேதான் உங்கள் பூண்டெண்ணெய்க்குப் பேர் வந்தது. ராத்திரி பிள்ளை அழுகிறது. கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, விரலால் சூடு பார்த்துவிட்டு நான்கு சொட்டு விடுகிறீர்கள். விடியும்போது பிள்ளை சிரித்துக்கொண்டு எழுகிறது. எண்ணெயே விடாமல் இருந்தாலும் அந்தப் பிள்ளை அநேகமாகச் சிரித்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். ஆனால் புகழ் கரண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதுவும் நாலு தலைமுறையாக.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இஸ்ரேலில் மருத்துவர்கள் சிலர் பூண்டு முதலான மூலிகைகளை ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்துச் செய்த சொட்டு மருந்தைக் காதுவலி வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2001-இலும் 2003-இலும் முடிவை வெளியிட்டார்கள். மரத்துப்போகச் செய்யும் இங்கிலீஷ் சொட்டு மருந்துக்கு மூலிகைச் சொட்டு ஒன்றும் சளைக்கவில்லை. கேட்டதும் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே மருத்துவர்கள் 2003-இல் இன்னொன்றும் எழுதினார்கள்: வலி குறைந்ததில் ஐந்தில் நான்கு பங்கு, நாள் போகப் போகத் தானாகக் குறைந்தது. அதோடு அது அடுப்பங்கரையில் காய்ச்சிய எண்ணெயும் இல்லை. அளந்து செய்த சொட்டு, டாக்டர் காதுக்குள் பார்த்து இன்ன நோய் என்று சொன்ன பிறகு விட்டது. இருட்டில், செல்போன் வெளிச்சத்தில் விட்டது இல்லை.

இனி ஏன் உள்ளே ஊற்றக் கூடாது என்கிறேன் என்பதைக் கேளுங்கள்.

காதுக்குள் விரல் நுழைகிற ஓட்டை ஒரு சந்து மாதிரி உள்ளே போய்ச் செவிப்பறையில் முட்டி நின்றுவிடும். அந்தப் பறை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். ஆனால் தண்ணீரோ எண்ணெயோ புகாத தோல். குழந்தைக்கு வலிக்கிற இடம் அதற்குப் பின்னால், நடுக்காதில். நடுக்காதுக்கு வாசல் வெளியே இல்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் போகிறது, அதுதான் வாசல். நம் ஊர்க் கண்மாய்க்கு மடை எப்படியோ நடுக்காதுக்கு அந்தக் குழாய் அப்படி. திறந்து மூடிக்கொண்டிருந்தால் உள்ளே தேங்காது. மடை அடைத்தால் தேங்கும், தேங்கினால் கெடும். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, நாற்பத்தைந்து பாகைச் சரிவில் இறங்குகிறது. கைக்குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கை வசத்தில், பத்துப் பாகைச் சரிவில்தான் இருக்கிறது. ஆகவே மூக்கில் சளி பிடித்தால் அது நேரே காதுக்கு ஏறிவிடும். ஆறேழு வயதுக்குள் முகம் வளர்ந்து குழாயும் சரிந்துகொள்ளும். "வளர்ந்தா சரியாப்போகும்" என்று நீங்கள் சொல்வதில் இருக்கிற உண்மை இதுதான்.

இப்போது நீங்கள் ஊற்றிய எண்ணெய் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பறை முழுசாக இருந்தால் அது நோவு இருக்கிற இடத்துக்குப் போகவே போகாது. முன்னாலேயே தேங்கி நிற்கும். பறையில் ஓட்டை விழுந்திருந்தால் நேராக நடுக்காதுக்குள் இறங்கும், கூடவே எண்ணெயில் இருக்கிற கிருமியும் அழுக்கும். முதல் கணக்கில் பிரயோசனம் இல்லை, இரண்டாவதில் ஆபத்து. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது விளக்கு வைத்துப் பார்க்காமல் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எண்ணெய் தேங்கிய ஈரக் காதில் பூஞ்சை குடியேறும். கார்த்திகை மார்கழி மழை முடிந்தால் இப்படி வருகிற பிள்ளைகளின் காதில் சாம்பல் நிறப் பஞ்சும் அதன்மேல் கறுப்புப் பொட்டுகளுமாக இருக்கும். பிள்ளை அரிக்கிறது அரிக்கிறது என்று காதைக் குடைந்துகொண்டே இருக்கும். அரிப்புக்கு மறுபடி எண்ணெய் விடுவீர்கள். பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். பிறகு நான் உறிஞ்சும் குழாய் வைத்துத் துடைத்தெடுக்கும்போது பிள்ளை கத்துகிற கத்தலில் அடுத்த பிள்ளையும் சேர்ந்து அழும்.

எண்ணெயோடு நிற்பதும் இல்லை. தாய்ப்பால் பீய்ச்சுகிறார்கள், வெங்காயச் சாறு, துளசிச் சாறு பிழிகிறார்கள். ஊமத்தை இலைச் சாறு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊமத்தை விஷச் செடி என்று உங்களுக்கே தெரியும், ஆட்டுக்குக்கூடப் போட மாட்டீர்கள். தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை: அதைவிடப் பெரிய காது மருந்து எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் அது வாய் வழியாகப் போக வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகளுக்குக் காது நோவு குறைவாக வருவது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. காதுக்குள் பீய்ச்சிய பால் அங்கேயே கிடந்து கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

எண்ணெய்க்கு ஒரே ஒரு இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தூங்குகிற பிள்ளையின் காதில் எறும்போ வண்டோ நுழைந்து உள்ளே பிறாண்டினால், காதில் ஏற்கெனவே சீழ் வடிந்ததில்லை, ஓட்டை இல்லை என்று தெரிந்தால், பச்சைத் தேங்காய் எண்ணெய் சில சொட்டு விடலாம். பூச்சி அடங்கும், பிறகு எடுத்துக்கொள்வோம். அதுவும் காய்ச்சாத எண்ணெய். புளியங்கொட்டையோ பயறோ போட்டுக்கொண்டால் தண்ணீர்கூட விடக் கூடாது, ஊறிப் பெருத்துவிடும். பொம்மையில் இருக்கிற வட்ட பேட்டரி காதுக்குள் போய்விட்டால் எதையும் விடாமல் அந்த நிமிஷமே கிளம்புங்கள். சில மணி நேரத்தில் தோலை அரித்துவிடும்.

சரி, அப்படியானால் ராத்திரி அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வலிக்கு மருந்து கொடுங்கள். வீட்டில் பாரசிட்டமால் புட்டி இருக்கும். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் கொடுங்கள். "இங்கிலீஷ் மருந்து சூடு" என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். வலியோடு கிடக்கும் பிள்ளை தூங்காது, குடிக்காது. பிறகு உங்கள் கைவைத்தியம்: வெள்ளைத் துணியை மடித்து, தோசைக்கல்லின் மேல் காட்டி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காதைச் சுற்றி, காதுக்குப் பின்னால் ஒத்தடம். இது நல்ல வைத்தியம். பிள்ளையைப் படுக்கப் போடாமல் தோளில் சாய்த்துத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். படுத்தால் உள்ளே அழுத்தம் கூடும், அதனால்தான் காதுவலி பெரும்பாலும் ராத்திரியில் வருகிறது.

அழுது அழுது, திடீரென்று காதிலிருந்து மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ நீர் வடிந்து, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனால் பயந்துவிடாதீர்கள். பறை ஓட்டையாகி அழுத்தம் இறங்கிவிட்டது. பெரும்பாலும் அந்த ஓட்டை சில வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். அதற்குள் எண்ணெயையோ தண்ணீரையோ விட்டால்தான் அது மூடாமல் போகும். மறுநாள் காட்டுங்கள்.

இனி சீழ் வடியும் காதுக்கு வருவோம். ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலும் நீங்களே செய்யக்கூடிய, உலக சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிற வைத்தியம் ஒன்று உண்டு. திரி போடுவது. பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து வெயிலில் காயவைத்து, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அந்தத் துணியை விளக்குத் திரி உருட்டுவது போலவே முனை கூராக உருட்டுங்கள். இது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் தொடாத திரி. காதுமடலைப் பின்னால் இழுத்துப் பிடித்து, திரியை மெதுவாக உள்ளே வைத்து விடுங்கள். குத்த வேண்டாம், குடைய வேண்டாம், அது தானே உறிஞ்சும். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் திரி. உலர்ந்த திரி உலர்ந்தே வெளியே வரும் வரை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் திரி போட்டுக் காயவைத்த பிறகுதான் விட வேண்டும். சீழின் மேலேயே விட்டால் சீழோடு வெளியே வந்துவிடும். காசு செலவில்லாத இந்த வேலையைப் பொறுமையாகச் செய்ய மருமகளுக்கு நேரம் இருக்காது, நர்ஸுக்கும் இருக்காது. உங்களுக்குத்தான் அந்தக் கை இருக்கிறது. பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு, இவை எதுவும் வேண்டாம். குறும்பியைப் பற்றிக் கவலையே வேண்டாம், பிள்ளை மென்று தின்னத் தின்ன அது தானே வெளியே நகர்ந்து வந்துவிடும்.

சீழ் வடிகிற வரைக்கும் தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வையுங்கள். கண்மாயில், ஊருணியில் குதிப்பது கூடாது. இதைப் பேரன் கேட்க மாட்டான் என்று தெரியும். கரையில் நின்று கம்பை ஓங்குகிற அதிகாரம் உங்களுக்கு உண்டு, எனக்கு இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்துகொண்டே இருந்தால் அது வேறு வியாதி. "சளிக்காதுதான், வயசுக்கு வந்தா நின்னுபோகும்" என்று வருஷக் கணக்காக விட்டுவைத்த பிள்ளைகளைப் பார்க்கிறேன். பத்தாவது படிக்கும்போது ஒரு காது பாதிகூடக் கேட்காது. சீழை நிறுத்தினால் அது மூளைக்கு ஏறிவிடும் என்று சில ஊர்களில் ஒரு பேச்சு இருக்கிறது. நேர்மாறு. நிறுத்தாமல் விட்டால்தான் மூளைக்கு ஏறும். கொஞ்சமாகத்தான் வடிகிறது, ஆனால் நாற்றம் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்றால் அது எலும்பை அரிக்கிற சாதியாக இருக்கலாம். அதற்குத் திரியும் போதாது, சொட்டும் போதாது, ஆபரேஷன் வேண்டும்.

ஆனால் வந்த பிறகு செய்வதைவிட வராமல் பார்ப்பதில்தான் வீட்டுக்கு நிஜமான பலம் இருக்கிறது. மடையை அடைப்பது எது என்று பாருங்கள்.

முதலாவது புகை. பிள்ளைக்குக் காதுவலி என்றால் வீட்டில் யார் பீடி சிகரெட் குடிக்கிறார்கள் என்று நான் கேட்பேன். "தாத்தா திண்ணையிலதான் குடிப்பார்" என்பீர்கள். திண்ணைப் புகை உள்ளே வராதா என்ன? அதோடு விறகடுப்பு, கொசுவத்திச் சுருள், பிள்ளையைக் குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணி. சாம்பிராணி வாசனை எனக்கும் பிடிக்கும். பிள்ளை வளர்ந்த பிறகு வெள்ளிக்கிழமை சாமிக்குப் போடுங்கள். புகை பட்ட மூக்கும் குழாயும் வீங்கிக்கொள்ளும், சளியை வெளியே தள்ளுகிற மெல்லிய மயிர்கள் வேலையை நிறுத்திவிடும். கொசுவுக்குச் சுருளைவிட வலை மேல்.

இரண்டாவது தூளியில் புட்டி. பால் புட்டியை வாயில் வைத்து, துணியால் முட்டுக் கொடுத்து, தூளியை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவது நடக்கிறதுதான். மல்லாந்து படுத்துக் குடிக்கிற பால் மூக்கின் பின்னால் ஏறி அந்தக் குழாய் வாசலில் நிற்கும். எந்தப் பால் ஆனாலும் தலையை உயர்த்தி, உட்கார்ந்த வாக்கில் கொடுங்கள். முடிந்தால் புட்டியை விட்டுப் பாலாடைக்கோ டம்ளருக்கோ மாறுங்கள். பாலாடை உங்கள் காலத்துப் பொருள், எங்களைவிட நன்றாகப் புகட்டத் தெரியும். அழுகையை நிறுத்த வாயில் திணிக்கிற ரப்பர் நிப்பிளையும் ஆறு மாதத்துக்கு மேல் குறையுங்கள். ஃபின்லாந்தில் அதைக் குறைத்த பிள்ளைகளுக்குக் காதுவலியும் குறைந்தது.

மூன்றாவது தடுப்பூசி. இதை ஏன் இயற்கை வைத்தியத்தில் சேர்க்கிறாய் என்று கேட்கலாம். பிள்ளையின் சொந்த எதிர்ப்புச் சக்தியை முன்கூட்டியே பழக்கிவிடுவதைவிட இயற்கையானது என்ன இருக்கிறது? நிமோனியா தடுப்பூசி என்று சொல்கிறார்களே, அந்த நிமோகாக்கஸ் கிருமிதான் காதிலும் சீழ் பிடிக்க வைக்கிறது. முன்பு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2021-இலிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று ஊசி. அட்டையை எடுத்து மூன்றும் விழுந்திருக்கிறதா பாருங்கள். எல்லாக் காதுவலியையும் அது தடுக்காது, பெரிதாக வருவதைக் குறைக்கும்.

பிறகு மூக்கு. காதை விட்டுவிட்டு மூக்கைப் பிடியுங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. மூக்கடைத்த கைக்குழந்தைக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு இரண்டு விடுங்கள். பெரிய பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கை மூடிக்கொண்டு மறுபக்கத்தைச் சீந்தப் பழக்குங்கள், மெதுவாக. இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பலமாகச் சீந்தினால் சளி காதுக்கு ஏறும். குளிப்பாட்டியதும் மூக்கிலும் காதிலும் வாய் வைத்து ஊதுவதையும், மூக்கில் எண்ணெய் விடுவதையும் விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகும். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமானது. சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். கொதிக்கிற பானை கவிழ்ந்து தொடை வெந்து வருகிற பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சொல்வார்கள். சளிக்குக் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் கைக்குழந்தைக்குக் கூடாது, கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். தேன் ஒரு வயதுக்கு மேல் கொடுக்கலாம், அதற்கு முன் ஒரு துளிகூட வேண்டாம்.

வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறது, குறட்டை விடுகிறது என்றால் மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். மடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் அது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் எவ்வளவு செய்தாலும் காதுவலி திரும்பத் திரும்ப வரும். உங்கள் குறை அது இல்லை.

இன்னொரு ரகம் வலியே இல்லாதது. நடுக்காதில் கோந்து மாதிரி நீர் கட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை அழாது, காய்ச்சல் வராது. டி.வி.யைச் சத்தமாக வைக்கும், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. "திமிரு புடிச்சது, ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது" என்று நீங்கள் சொல்வீர்கள், வாத்தியாரும் சொல்வார். கேட்காததால்தான் கேட்க மாட்டேன் என்கிறது! இதற்கு அவசர மருந்து கிடையாது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். இதற்குத்தான் இயற்கை வைத்தியம் என்று நான் மனதாரச் சொல்லக்கூடிய ஒன்று வந்திருக்கிறது: மூக்கால் பலூன் ஊதுவது. ஒரு மூக்கில் பொருத்துகிற குமிழோடு விற்கிற தனி பலூன் அது, திருவிழா பலூன் இல்லை. இங்கிலாந்தில் 4 முதல் 11 வயது வரையான 320 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஊதச் சொன்னார்கள். 2015-இல் வந்த முடிவின்படி மூன்று மாதத்தில் ஊதிய பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காது சரியானது, ஊதாதவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் கெடுதலும் இல்லை, பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசு மருத்துவக் குழு வண்டியில் வரும். அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். காது நோவும் காது கேட்காமையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன.

பொறுக்கலாம் என்று சொன்னேனே, அதன் கணக்கு இது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொறுக்கவே கூடாது, அன்றைக்கே காட்டுங்கள். இரண்டு வயதுக்குள் இரண்டு காதும் வலித்தால் பொறுக்கக் கூடாது. சீழ் வடிந்தாலோ காய்ச்சல் 102-ஐத் தாண்டினாலோ எந்த வயதிலும் பொறுக்கக் கூடாது. மற்ற பிள்ளைகளையும் டாக்டர் ஒருமுறை காதுக்குள் பார்த்து "பொறுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் குறையவில்லை என்றால் திரும்ப வாருங்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். பாதியில் நிறுத்தி மிச்சத்தை அடுத்த தடவைக்கு அலமாரியில் வைக்க வேண்டாம். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், வாய் ஒரு பக்கம் கோணினால், கழுத்து விறைத்தால், பிள்ளை எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நேரம் காலம், ராகுகாலம் எதுவும் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில் காதுவலி வந்த தேதியையும் எந்தக் காது என்பதையும் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் மூன்று தடவையோ வருஷத்தில் நான்கு தடவையோ ஆகியிருந்தால் வலி இல்லாத நாளிலேயே கொண்டுவந்து காட்டுங்கள், நிதானமாகப் பார்க்கலாம். வரும்போது அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்து வாருங்கள், தடுப்பூசி அட்டையும் விட்ட சொட்டு மருந்துப் புட்டியும் கூடவே. காதைத் துடைத்துப் பவுடர் போட்டுக் கொண்டுவர வேண்டாம். சீழ் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். எதை ஊற்றியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். நான் திட்ட மாட்டேன். புதன்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும், பத்து மணிக்கு மேல் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா